இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள், அவர்களைக் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்கள், இந்த வேலைக்குப் புதிதாக வந்த செவிலியர்கள், ஆய்வு மாணவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போகலாம்.

ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, கட்டி முழுசாக எடுத்தாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் எதற்கு வாழ்க்கைத் தரம் என்று தனியாக ஒன்றை அளக்க வேண்டும்?

ஸ்கேன் நோயைப் பற்றிச் சொல்லும், ஆளைப் பற்றிச் சொல்லாது. மூன்று வாய் சாப்பிட்டதும் நெஞ்சு அடைத்துக்கொண்டு நிற்கிறவரும், குடும்பத்தோடு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டு எழுகிறவரும் ஸ்கேனில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1881-ல் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, நோயாளியை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார். அன்றைக்கு அதுவே பெரிய வெற்றி. 1897-ல் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் இரைப்பையை முழுசாகவே எடுத்தார். பிழைத்தாரா, எத்தனை மாதம் இருந்தார் என்பதுதான் அப்போது கணக்கு. எப்படி இருந்தார் என்பதை நோயாளியின் வாயிலிருந்தே கேட்டு எண்ணாக எழுதும் முறையான கருவிகள் வர அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருடம் பிடித்தது. இப்போது பலர் அறுவைக்குப் பிறகு வருடக்கணக்கில் வாழ்கிறார்கள், அந்த வருடங்கள் எப்படிப் போகின்றன என்று கேட்காமல் இருப்பது சரியே இல்லை.

மற்ற புற்றுநோய்களுக்குப் பயன்படுத்தும் அதே கேள்வித்தாள் போதாதா? இரைப்பைக்கு மட்டும் ஏன் தனி?

இரைப்பை ஒரு பை மட்டும் இல்லை. சாப்பிட்டதைப் பிடித்து வைத்து, அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு விடுகிற உறுப்பு அது. அமிலம் சுரக்கிறது, பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்சிக்கொள்ளத் தேவையான ஒரு புரதத்தையும் அதுதான் சுரக்கிறது. அதை எடுத்துவிட்டால், அல்லது பெரும்பகுதியை எடுத்துவிட்டால், இந்த எல்லா வேலையும் ஒரே நாளில் நின்றுபோகிறது, அல்லது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

டம்பிங் என்கிறார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டது அரைபடாமல், குறிப்பாக இனிப்பானது, மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழுகிறது. உடம்பிலிருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது, சாப்பிட்ட பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றை முறுக்குகிறது, படபடப்பு, வியர்வை, கிறுகிறுப்பு, உடனே படுத்துக்கொள்ள வேண்டும் போல ஒரு தளர்ச்சி, சிலருக்குப் பேதி. இது முதல் வகை. இரண்டாவது வகை சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை சட்டென்று ஏறியதால் இன்சுலின் அதிகமாகச் சுரந்து, பிறகு சர்க்கரை தடாலென்று இறங்கி, கை நடுங்கி, பசித்து, வியர்த்துக் கொட்டும். இது தெரியாத ஒருவர் தனக்கு இதயத்தில் கோளாறு வந்துவிட்டது என்று பயப்படுவார், அந்தப் பயத்தில் சாப்பாட்டையே குறைத்துவிடுவார், எடை இன்னும் இறங்கும்.

இதோடு பித்தம் மேலே ஏறி எரிச்சல், இரவில் எதுக்களித்து வாயில் கசப்பு, இணைத்துத் தைத்த இடம் சுருங்கி உணவு சிக்கிக்கொள்வது, நாக்கில் ருசி மாறுவது, உடம்பு இளைத்து முகமே மாறிப்போனது பற்றிய வருத்தம். பொதுவான கேள்வித்தாளில் இதில் பாதி வரவே வராது. அதனால்தான் தனி.

எந்தெந்தக் கேள்வித்தாள்கள் புழக்கத்தில் இருக்கின்றன?

அதிகம் பயன்படுவது ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான இஓஆர்டிசி உருவாக்கிய க்யூஎல்க்யூ-சி30. 1993-ல் வெளிவந்தது, 30 கேள்விகள், எந்தப் புற்றுநோய்க்கும் பொது. தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில் கிடைக்கிறது. உடல் இயக்கம், அன்றாட வேலை, மனநிலை, நினைவும் கவனமும், குடும்ப சமூக வாழ்க்கை என்று ஐந்து செயல்பாடுகளைக் கேட்கும். களைப்பு, குமட்டல், வலி, தூக்கம், பசியின்மை, மலச்சிக்கல், பேதி, மூச்சு வாங்குவது, பணக் கஷ்டம் ஆகியவற்றையும் கேட்கும். இதோடு இரைப்பைக்கென்று எஸ்டிஓ22 என்ற 22 கேள்விகள் கொண்ட துணைத்தாளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். விழுங்கும் சிரமம், வயிற்று வலி, எதுக்களிப்பு, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, கவலை, வாய் வறட்சி, ருசி, உடல் தோற்றம், முடி உதிர்தல் எல்லாம் அதில் உண்டு.

அமெரிக்காவில் உருவான ஃபேக்ட்-ஜிஏ என்ற தாளில் பொதுவான 27 கேள்விகளும் இரைப்பை சார்ந்த 19 கேள்விகளும் இருக்கும், மொத்தம் 46. ஜப்பானில் இரைப்பை நீக்கத்துக்குப் பிந்தைய தொல்லைகளுக்கென்றே பிஜிஎஸ்ஏஎஸ்-45 என்று ஒன்றை உருவாக்கினார்கள். டம்பிங், ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிட முடிகிறது, நாளைக்கு எத்தனை வேளை என்று நுணுக்கமாகக் கேட்கும். என் கருத்தைக் கேட்டால், டம்பிங்கை ஒழுங்காகப் பிடிக்க வேண்டுமென்றால் எஸ்டிஓ22 மட்டும் போதாது, அங்கே ஜப்பானியத் தாள்தான் உருப்படி. ஈக்யூ-5டி என்ற ஐந்தே கேள்விகள் கொண்ட பொதுத்தாளும் உண்டு, சிகிச்சைச் செலவுக்குத் தகுந்த பலன் கிடைக்கிறதா என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு அது தேவைப்படும். படுக்கைக்கு அருகே நின்று ஒருவருக்கு என்ன தொல்லை என்று தெரிந்துகொள்ள அது போதாது.

ஒன்று முக்கியம். இவை எல்லாவற்றுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்குப் பயன்படுத்தினால் அனுமதி வாங்குங்கள், கேள்விகளை உங்கள் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டாதீர்கள், நீங்களே மொழிபெயர்த்தும் கொடுக்காதீர்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்? எனக்கு 56 என்று வந்திருக்கிறது, அது நல்லதா கெட்டதா?

எந்தப் பகுதியில் 56 என்பதைப் பொறுத்தது. எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள்.

சி30-ல் பெரும்பாலான கேள்விகளுக்கு 1 முதல் 4 வரை பதில். 1 என்றால் இல்லவே இல்லை, 4 என்றால் மிக அதிகம். களைப்புக்கு மூன்று கேள்விகள்: ஓய்வு தேவைப்பட்டதா, பலவீனமாக இருந்ததா, களைப்பாக இருந்ததா. கடந்த ஒரு வாரத்தை மனதில் வைத்து நீங்கள் 3, 3, 2 என்று போட்டீர்கள். கூட்டினால் 8, சராசரி 2.67. அதில் 1-ஐக் கழித்து 3-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சுமார் 56. அடுத்த முறை 2, 2, 2 போட்டால் 33. களைப்பு ஒரு தொல்லை, தொல்லையில் எண் குறைந்தால் நல்லது. ஆக 56-லிருந்து 33-க்கு வந்தது நல்ல முன்னேற்றம்.

செயல்பாடுகளுக்கு இது தலைகீழ். உடல் இயக்கத்தில் 80 என்றால் நன்றாக நடமாடுகிறீர்கள், வலியில் 80 என்றால் துடிக்கிறீர்கள். ஃபேக்ட்-ஜிஏ-வில் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, அதிகம் என்றால் நல்லது என்றே வைத்திருப்பார்கள். தாளின் பெயரும் பகுதியின் பெயரும் இல்லாமல் வெறும் எண்ணை யாராவது சொன்னால் அதை வைத்துச் சந்தோஷமும் படாதீர்கள், பயமும் படாதீர்கள்.

ஒரு பகுதியில் பாதிக் கேள்விகளுக்காவது பதில் இருந்தால் மதிப்பெண் கணக்கிடலாம். ஒற்றைக் கேள்வியாக இருக்கும் பகுதிகளில், உதாரணமாகப் பேதி, மதிப்பெண் 0, 33, 67, 100 என்று நான்கே நிலைகளில்தான் குதிக்கும். ஒரு படி மாறினாலே பெரிய மாற்றம் போலத் தெரியும், அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

எத்தனை புள்ளி மாறினால் உண்மையான மாற்றம்?

சி30-க்கு 10 புள்ளி என்பது பழக்கமான அளவு. 5 முதல் 10 வரை சிறிய மாற்றம், 10 முதல் 20 வரை நடுத்தரம், 20-க்கு மேல் பெரிது என்று 1998-ல் வந்த ஆய்வொன்று நோயாளிகளிடமே கேட்டுச் சொன்னது. எல்லாப் பகுதிக்கும் இது ஒரே மாதிரி பொருந்தாது, ஆனாலும் தொடக்கத்துக்கு இது போதும். ஆய்வுக் கட்டுரையில் "புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்று 3 புள்ளியைக் காட்டினால், அந்த 3 புள்ளியை நோயாளி உணர்ந்தாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் உணர்ந்திருக்க மாட்டார்.

எப்போதெல்லாம் அளக்க வேண்டும்?

அறுவைக்கு முன்னால் ஒரு தடவை, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிறகு வரும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் பாதிதான். அறுவைக்கு முன்பே கீமோ கொடுப்பது இப்போது பரவலாகிவிட்டதால், முடிந்தால் கீமோ தொடங்கும் முன் ஒன்று, அறுவைக்குச் சற்று முன் ஒன்று. பிறகு 1, 3, 6, 12 மாதங்களில், அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு முறை. கேள்வி கடந்த ஒரு வாரத்தைப் பற்றியது என்பதால், கீமோ ஏற்றிய மறுநாள் ஒரு தடவையும் மூன்றாவது வாரம் ஒரு தடவையும் நிரப்பி இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். ஒவ்வொரு முறையும் கீமோ சுற்றின் அதே கட்டத்தில் நிரப்பச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது, எல்லா எண்ணும் முன்பைவிட மோசம். ஏதாவது தப்பு நடந்துவிட்டதா?

அவசியம் அப்படி இல்லை. முதல் ஒன்று முதல் மூன்று மாதங்கள்தான் பெரும்பாலானவர்களுக்குப் பள்ளம். எடையும் அதிகமாகக் குறைவது இந்தக் காலத்தில்தான், முழு இரைப்பையும் எடுத்தவர்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவது சகஜம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் உடல் இயக்கம், மனநிலை, பொதுவான ஆரோக்கியம் எல்லாம் பழைய நிலைக்கு அருகே வந்துவிடுவதைப் பல ஆய்வுகளில் பார்க்கலாம். சாப்பாட்டுக் கட்டுப்பாடு, எதுக்களிப்பு, பேதி, களைப்பு இவை மட்டும் சிலருக்கு வருடங்கள் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் இரண்டு விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. நன்றாக இருந்த விழுங்குதல் மதிப்பெண் திடீரென்று மோசமானால், தைத்த இடம் சுருங்கியிருக்கலாம், அதை எண்டோஸ்கோப்பி வழியாக விரித்துவிட முடியும், நோய் திரும்பியிருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். இரண்டாவது, ஒன்றிரண்டு வருடம் நன்றாக இருந்துவிட்டு களைப்பு மெல்ல மெல்ல ஏறினால். கல்லீரலில் சேர்த்து வைத்திருந்த பி12 தீர சில வருடங்கள் ஆகும், அதனால் அந்தக் குறைபாடு தாமதமாகத்தான் தலைகாட்டும். முழு இரைப்பையும் எடுத்தவர்களுக்குப் பி12 ஊசியோ அதிக அளவு மாத்திரையோ ஆயுள் முழுக்கத் தேவை, இரும்புச்சத்தும் குறையும். "வயசாச்சு, அதான் சோர்வு" என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

முழுசாக எடுத்தவர்களுக்கும் பாதி எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் இருக்குமா? துளை போட்டுச் செய்தால் நல்லதா?

பாதி மிஞ்சியவர்களுக்குப் பொதுவாகச் சாப்பாட்டுத் தொல்லைகள் குறைவு, முதல் வருடத்தில் அது நன்றாகத் தெரியும். ஆனால் எவ்வளவு எடுப்பது என்பதைக் கட்டி இருக்கும் இடமும் அதன் பரவலும் முடிவு செய்யும், வாழ்க்கைத் தரத்துக்காகப் புற்றுநோயை மிச்சம் விட முடியாது. லேப்ராஸ்கோப்பி என்கிற இந்தத் துளை வழி அறுவையைப் பற்றி ஊரெல்லாம் பெரிதாகச் சொல்கிறார்கள். நெதர்லாந்தில் நடந்து 2021-ல் வெளியான லாஜிகா என்ற ஆய்வில், திறந்து செய்தவர்களுக்கும் துளை வழியே செய்தவர்களுக்கும் வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை. வெளியே தழும்பு சிறிதாக இருந்தாலும் உள்ளே எடுத்தது அதே அளவு இரைப்பைதானே.

டாக்டர் கோப்பில் "ஈகாக் 1" என்று எழுதியிருக்கிறார். அதுவே வாழ்க்கைத் தரம்தானே?

இல்லை. ஈகாக் என்பது 0 முதல் 5 வரை மருத்துவர் உங்களைப் பார்த்துப் போடும் எண், எவ்வளவு நடமாடுகிறீர்கள், சொந்த வேலையைச் செய்துகொள்கிறீர்களா என்பது மட்டும். கீமோவைத் தாங்குவாரா என்று முடிவெடுக்க அது பயன்படும். நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு இரவெல்லாம் எதுக்களித்துத் தூக்கமில்லை என்பது அந்த எண்ணில் வராது.

அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, எழுதவும் முடியாது. நாங்களே நிரப்பலாமா?

படித்துக் காட்டலாம், அவர் சொல்வதைக் குறிக்கலாம். உங்கள் அபிப்பிராயத்தைக் குறிக்கக் கூடாது. பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் நோயாளி சொல்வதைவிட மோசமாகவே மதிப்பிடுகிறார்கள், குறிப்பாக மனம் சம்பந்தப்பட்ட விஷயங்களில். அது அன்பினால்தான், ஆனாலும் கணக்கு தப்பு.

நடப்பது எப்படி என்றால், "பசி குறைந்ததா?" என்று கேள்வியைப் படித்ததும் அப்பா வாயைத் திறக்குமுன் மகள் "எங்கே சாப்பிடுறார், எல்லாத்தையும் அப்படியே வெச்சிடுறார், நாலு போடுங்க" என்பார். அப்பா பேசாமல் இருப்பார். தனியாக உட்காரவைத்துக் கேட்டால், "பசிக்குதும்மா, சாப்பிட்டா படபடன்னு வருது, அதுக்குப் பயந்துதான் வெச்சிடறேன்" என்பார். மகள் போடச் சொன்ன 4 பசியின்மைக் கணக்கில் போயிருந்தால் பசி மருந்து எழுதியிருப்பார்கள். உண்மையில் அவருக்குத் தேவை இனிப்பைக் குறைத்து, சிறுகச் சிறுகப் பல வேளையாகச் சாப்பிட்டு, சாப்பாட்டோடு சேர்த்து நிறைய நீர் குடிக்காமல் இடைவெளி விட்டுக் குடிக்கும் ஏற்பாடு. அதனால் முடிந்தால் கொஞ்ச நேரம் வெளியே காத்திருங்கள். உங்கள் கவலையைத் தனியாக மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் இடம் உண்டு.

எடை ஏறவே இல்லை, சாப்பாடும் பழையபடி இல்லை, ஆனால் அம்மா எல்லாவற்றுக்கும் "நன்றாக இருக்கிறேன்" என்றே போடுகிறார். மறைக்கிறாரா?

மறைக்கலாம், உங்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்று. ஆனால் இன்னொன்றும் நடக்கும். பெரிய நோயைத் தாண்டி வந்தவர்களுக்கு "நன்றாக" என்பதன் அளவே உள்ளுக்குள் மாறிவிடுகிறது. முன்பு வயிறு நிறையச் சாப்பிடுவது நன்றாக இருப்பது, இப்போது வாந்தி இல்லாமல் ஒரு நாள் போனாலே நன்றாக இருப்பது. ஆய்வாளர்களுக்கு இது தலைவலி, ஏனென்றால் அறுவைக்கு முன் போட்ட 67-ம் இப்போதைய 67-ம் ஒரே பொருளில் இல்லை. அவர் சொல்வது பொய் என்று ஆகாது, அவர் வாழ்க்கையை அவர்தான் அளக்க வேண்டும். எடை, ரத்தத்தின் அளவுகள், ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் படம்.

ஆய்வுகளில் ஒரு வருடம் கழித்து எல்லோரும் நன்றாக இருப்பதாகப் போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?

எத்தனை பேர் தொடங்கினார்கள், ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். மிகவும் முடியாதவர்கள் நிரப்பவே மாட்டார்கள், நோய் திரும்பியவர்கள் வரமாட்டார்கள், சிலர் இறந்திருப்பார்கள். மிஞ்சியவர்களின் சராசரி இயல்பாகவே நன்றாகத்தான் தெரியும். விடுபட்டவர்கள் ஏன் விடுபட்டார்கள் என்று ஒரு வரியாவது எழுதாத கட்டுரையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆய்வு செய்கிற மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: வராதவருக்கு ஒரு போன் போட்டுக் காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளில் இல்லாத தொல்லை இருந்தால்?

ஓரத்தில் எழுதுங்கள். நாற்றமடிக்கும் வாயு, விருந்துக்குப் போகவே கூச்சம், கணவன் மனைவி நெருக்கம் குறைந்தது, கீமோவால் விரல் மரத்துப்போனது, இவையெல்லாம் இரைப்பைத் தாளில் சரியாக வராது. மதிப்பெண்ணில் சேராது, ஆனால் படிக்கிறவர் கண்ணில் படும்.

ஒவ்வொரு முறையும் நிரப்பிக் கொடுக்கிறேன், யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எதற்கு இந்த வேலை?

உங்கள் கோபம் நியாயமானது. ஆய்வுக்காக மட்டும் வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள் என்றால் அதை முதலிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், விருப்பமில்லை என்றால் நீங்கள் மறுக்கவும் செய்யலாம், சிகிச்சை அதனால் மாறக் கூடாது.

பார்த்துப் பயன்படுத்தினால் பலன் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2017-ல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஒரு ஆய்வில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்ட 766 பேரில் ஒரு பகுதியினர் தங்கள் தொல்லைகளை இணையம் வழியே தாங்களே பதிவு செய்தார்கள், கடுமையானால் செவிலியருக்கு உடனே தகவல் போனது. அவர்கள் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட நடுமதிப்பில், அதாவது பாதிப் பேர் உயிரோடிருக்கும் காலத்தை வைத்துப் பார்த்தால், சுமார் ஐந்து மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அது இரைப்பைப் புற்றுநோய் ஆய்வு இல்லை, ஆனால் தாளை யாரோ ஒருவர் அன்றைக்கே படித்து எழுந்து வந்தார் என்பதுதான் அங்கே நடந்தது.

உங்களால் முடிந்தது இது: நிரப்பியதும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எந்த வரியில் எண் அதிகமாக மாறியிருக்கிறதோ அந்த ஒரு வரியை மட்டும் வட்டமிட்டு, "டாக்டர், போன தடவை இதுக்கு 1 போட்டேன், இப்போ 3, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வருது" என்று உள்ளே போனதும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெளியே வந்தபின் சொல்ல மறந்துபோனது ஞாபகம் வந்தால், செவிலியரிடம் கோப்பில் எழுதச் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.